வறுத்த கடலை

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷெட்டில் இருந்தது என் மனைவி மட்டும்தான். அக்கா இல்லை, ஆஸ்பத்திரியில், அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணன் இல்லை, முந்தின நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு ஸ்டென்ட் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். நானும் இல்லை, ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சூப்பர்மார்க்கெட்காரர்களிடம் சரக்குக்குத் தவணை கேட்டுக் காத்திருந்தேன். எங்கள் கம்பெனி என்றால் இந்த நாலு பேர்தான். அதில் பொடி வறுக்கவும் அரைக்கவும் தெரிந்த மூன்று பேரும் ஷெட்டில் இல்லாத ஒரே நாள் அது.

அக்காவும் அண்ணனும் எனக்குச் சொந்தம் இல்லை. அவர்கள் யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவி. நான் விருதுநகர்ப் பக்கம். மாணவனாக இங்கே வந்தபோது கிளென் ஈடனில் அவர்கள் வீட்டுக் கீழ் அறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணன் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சம்பல் பொடி செய்வார்: வறுத்த தேங்காய்ப் பூ, செத்தல் மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, அப்புறம் அவர் கடலை என்று சொல்கிற ஒன்று. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த வருடம், அதைப் பாக்கெட் போட்டு விற்கலாமே என்று சொன்னவன் நான்தான். கார் மெக்கானிக் ஒருவருக்கும் கண்ணாடி வெட்டுகிறவர் ஒருவருக்கும் நடுவில் ஒரு சின்ன ஷெட்டை எடுத்தோம். ஞாயிற்றுச் சந்தை, கோயில் கடை, டெய்ரி என்று இங்கே சொல்கிற தெருமுனைக் கடைகள் நாலைந்து. அப்படி நடந்துகொண்டிருந்த வியாபாரம் அது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன். அப்பா மூட்டை தூக்குகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். கரண்ட் பில்லில் இருந்து கோர்ட்டு நோட்டீஸ் வரைக்கும் வீட்டுக்கு வருகிற காகிதத்தைச் சின்ன வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். வாசித்துச் சொல்கிறவனோடு ஒரு பயம் கூடவே வளரும். எதையோ விட்டுவிட்டோமோ, நான் விட்ட ஒரு வரிக்காக இவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளப் போகிறார்களோ என்கிற பயம். ஆக்லாந்து வந்தும் அது என்னை விடவில்லை.

ஒரு பெண் எங்கள் பொடியைப் பொரித்த முட்டை மேல் தூவி, டோஸ்ட்டோடு சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து வீடியோ போட்டாள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த வாரக் கடைசியில் சந்தையில் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. அதில் நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. அண்ணன் என் காதில் சொன்னார்: "தம்பி, பிழையான வரிசையில நிக்கினமோ தெரியேல்ல. பக்கத்துக் கடை கேக் எண்டு ஒருக்காச் சொல்லிப் பாருமன்."

அடுத்த மாதமே சூப்பர்மார்க்கெட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஆக்லாந்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றார்கள். நாங்கள் ஒரு மாதத்தில் செய்வதை அவர்கள் ஒரு வாரத்துக்குக் கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெரிய வறுக்கிற டிரம் வேண்டும், அரைக்கிற மிஷின் வேண்டும், கடன் வேண்டும். கடனுக்கு ஈடாக வைக்க எங்களிடம் இருந்தது அண்ணனின் கிளென் ஈடன் வீடு ஒன்றுதான்.

அக்காவின் சமையலறை மேசையில் வைத்து ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்தேன்.

"வாசியும் தம்பி, நீர்தானே படிச்சனீர்," என்றார் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

சரக்கில் ஏதாவது குறை என்று கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்தால் ஆகிற செலவு அத்தனையும் எங்கள் தலையில் என்று ஒரு பத்தி இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அண்ணன் சிரித்தார். "எங்கட பொடியை ஆர் திருப்பி எடுக்கப் போகினம்? திண்டு முடிச்சுப்போட்டு இன்னும் தா எண்டுதான் நிப்பினம்."

"பகிடி விடாம ஒழுங்காக் கேளுங்கோ," என்றார் அக்கா. "வீட்டையெல்லோ வைக்கிறியள்."

"வச்சா வச்சதுதான். வீடு எங்கயும் நடந்து போகாது."

கையெழுத்துப் போட்டோம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்களுக்கு வர இருந்த குழந்தை நாலாம் மாதத்தில் நின்றுபோனது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது. நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில், பழைய மரவீடு ஒன்றின் பாதியில் குடியிருந்தோம். தரைப் பலகை இடுக்கு வழியாகக் குளிர் ஏறும். முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவள் விட்டுவிட்டாள். நான் காலையில் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாளோ, திரும்பி வரும்போதும் அதிலேயே இருப்பாள். ஒரு நாள் அக்கா நேரே வந்து கூட்டிப் போனார்.

"வீட்டில தனிய இருந்து சுவரைப் பாக்காத பிள்ளை. ஷெட்டுக்கு வா, மிளகாய்க் காம்பு கிள்ளு. மிளகாய் கிள்ளேக்க அழுதா ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்."

அவள் போனாள். காம்பு கிள்ளினாள், பாக்கெட் ஒட்டினாள், பெட்டி கட்டினாள். வறுப்பதும் கலப்பதும் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். அது அக்காவும் அண்ணனும் செய்வது. அவள் வருகிற நேரத்தில் எல்லாம் பொடியாகி ஆறிக்கொண்டிருக்கும். அதனால் அதில் என்னென்ன விழுகிறது என்று அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை அண்ணன் விழுந்தார். வியாழக்கிழமை லாரி வர வேண்டும். இன்னும் இரண்டு ஈடு வறுத்து அரைத்தால்தான் சரக்கு சரியாகும். மறுநாள் எல்லர்ஸ்லியில், சூப்பர்மார்க்கெட் ஆபீஸில் இருந்த பெண்மணி என்னிடம் மிகவும் தன்மையாகத்தான் பேசினார். அண்ணனுக்காக வருத்தப்பட்டார். ஆனால் வியாழக்கிழமை அந்த அலமாரி காலியாக இருந்தால் அதில் வேறு சரக்கு ஏறிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம் என்றார். நான் வெளியே வந்து ஷெட்டுக்கு போன் போட்டேன். மனைவி, "நான் அரைக்கிறேங்க. அக்காகிட்ட போன்ல கேட்டுக்கிறேன். எனக்கும் கையில ஒரு வேலை வேணும்," என்றாள். அந்தக் குரலை நான் மாதக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. சரி என்றேன். பிறகு இன்னொரு கடனுக்காக அலைந்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன்.

போனில் பேசிக்கொண்டதை இரண்டு பேருமே பின்னால் எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒரு சொல் மாறாமல் ஒன்றாகவே இருந்தது.

"அக்கா, இந்தப் பெரிய டப்பா ஒண்ணு காலியாக் கெடக்கு. இதுல என்ன இருக்கும்? மூடில எழுதினது கழுவிக் கழுவி அழிஞ்சுபோச்சு."

"அது கடலை, பிள்ளை. வறுத்த கடலை. இவர் திங்கள் எடுக்கப் போறன் எண்டு நிண்டவர்... நீ போய் இந்தியன் கடையில வாங்கு."

"தோலோடயா, தோல் இல்லாமலா?"

"தோல் இல்லாதது. வறுத்ததாப் பாத்து வாங்கு, பச்சையாக் கொண்டந்து போட்டிராத."

"ஒரு ஈட்டுக்கு எவ்வளவுக்கா?"

"நீலச் சட்டியால ரெண்டு சட்டி."

கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி கூப்பிட்டாள். "அரைக்கிறப்ப லேசா எண்ணெய் கக்குதுக்கா."

"தேங்காய்ப் பூ சூடா இருந்திருக்கும். ஆற விட்டு அரை. ஒண்டுக்கும் பயப்பிடாத, வடிவாச் செய்யிற நீ."

அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். அக்கா சொன்ன பதில்களும் சரியானவைதான்.

நான் வந்தபோது ஷெட்டு முழுக்க மணத்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த மணம் பழகியது. பஸ் ஸ்டாண்டு மணம், தியேட்டர் இடைவேளை மணம். அது அங்கே இருக்கக் கூடாத மணம் என்று என் மூக்குக்குத் தோன்றவே இல்லை. பெட்டிகள் சுவர் உயரத்துக்குக் கட்டி நின்றன. அவள் கையெல்லாம் மிளகாயில் சிவந்திருந்தது. "பசிக்குதுங்க," என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுவதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை லாரி வந்தது. போனது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மத்தியானம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்குப் புட்டு, மீன் குழம்பு. அண்ணனுக்கு உப்பில்லாத கஞ்சி. அவர் அதைக் கரண்டியால் தூக்கித் தூக்கி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சாப்பாடோ, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்போ?"

"வாயை மூடிக்கொண்டு குடியுங்கோ. டொக்டர் சொன்னது நினைவிருக்கோ?"

மனைவி தான் அரைத்த பாக்கெட் ஒன்றை அவருக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தாள். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அண்ணன் அதைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டார். கண்ணை மூடிச் சப்பினார். பிறகு நெற்றி சுருங்கியது.

"இஞ்சாரும், இதுக்கை கச்சான் எல்லோ போட்டிருக்கு."

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றார் அக்கா. "நாங்கள் எப்ப கச்சான் போட்டனாங்கள்?"

"நெஞ்சுதான் பழுதாப்போச்சு, நாக்கு நல்லாத்தான் இருக்கு. இது கச்சான்."

என் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "கச்சான்னா என்னக்கா?"

"கச்சான் தெரியாதோ பிள்ளைக்கு? கோதோட இருக்கும், உடைச்சு உடைச்சுச் சாப்பிடுறது. கோயில் திருவிழாவில சரையில சுத்தித் தருவினம்."

"அதுதான கடலை?"

"கடலை வேற, கச்சான் வேற, பிள்ளை. கடலை எண்டா உருண்டையா, மூக்கோட இருக்கும். அவிச்சு, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளிப்பமே."

"அது கொண்டைக்கடலைக்கா. வறுத்து உடைச்சா பொட்டுக்கடலை." மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க கடலைன்னுதான சொன்னீங்க. வறுத்த கடலை. தோல் இல்லாம..."

நான் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான வரிதான் அது, ஆனாலும் பார்த்தேன். கொண்டைக்கடலை என்று இருந்தது. வேர்க்கடலை என்று எங்கேயும் இல்லை.

படிக்கும்போது இதைப் பற்றி மட்டும் ஒரு பாடம் நடத்தியிருந்தார்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நகக்கண் அளவு போதும். தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். இங்கே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெற்றோர்கள் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி வாசிக்கிறார்கள். வாசித்துப் பார்த்து, இல்லை என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். நான் எழுதியதை நம்பி.

அதோடு இன்னொன்றும் தோன்றியது. எங்கள் பொடியைத் தின்றால் எல்லாருக்கும் உதடு எரியும். கடலை ஆகாத பிள்ளைக்கும் முதலில் எரிவது உதடுதான். அந்தப் பிள்ளை எரிகிறது என்று சொன்னால், மிளகாய் என்று சொல்லித் தாய் ஒரு டம்ளர் பால் கொடுப்பாள்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அண்ணன் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆரும் ஒண்டும் சொல்லேல்லத்தானே இன்னும். கொஞ்சம் பொறுங்கோ, யோசிச்சுச் செய்வம். இந்த வீடு..."

"யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "ஒரு பிள்ளை வாயில வைக்கிறதுக்கிடையில எடும் தம்பி போனை. எடும்!"

சூப்பர்மார்க்கெட்டின் அவசர எண்ணுக்கும், அரசாங்க உணவுப் பாதுகாப்பு எண்ணுக்கும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் எடுத்தார்கள். என் ஆங்கிலம் தடுமாறியது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எந்தத் தேதிச் சரக்கு, எந்த ஈடு, எத்தனை பெட்டி, எங்கெங்கே போயிற்று. நாங்கள் ஒரு லாரிச் சரக்கு முழுவதற்கும் ஒரே தேதிதான் பாக்கெட்டில் குத்துவோம், ஈட்டைக் குத்துவதில்லை. அதனால் அந்தத் தேதி போட்ட நல்ல பாக்கெட்டும் கெட்ட பாக்கெட்டும் ஒன்றுதான். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கடை வாசலில் நோட்டீஸ், இணையத்தில் நோட்டீஸ். போனை வைக்கும்போது அவர், கூப்பிட்டது நல்லது என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில நாட்களைக் கடந்தேன்.

மனைவியைக் காணோம். துணி துவைக்கிற அறையில், மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் குந்தியிருந்தாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னொரு வீட்டுப் புள்ளையும் என்னாலயா?"

இன்னொரு என்ற அந்தச் சொல்லில்தான் அவள் மாதக்கணக்காக என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு விளங்கியது. "ஒண்ணுகூட உன்னால இல்ல," என்றேன். அவளுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை.

அலமாரியில் இருந்ததை எடுப்பது சுலபம். அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். விற்றுப்போனதுதான் பயம். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் விற்றிருந்தது. பாக்கெட்டில் இருந்தது என் போன் நம்பர். அது அடித்தால் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். முதலில் கூப்பிட்ட இரண்டு பேரும் பணம் திரும்ப வேண்டும் என்றார்கள். ஒரு கிழவர், தான் முக்கால் பாக்கெட் தின்றுவிட்டதாகவும், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், கேட்டால் முன்னதைவிட இதுதான் ருசி என்றும் சொன்னார். இதையே இனிமேல் செய்யக் கூடாதா என்று கேட்டார். அண்ணனிடம் சொன்னேன். "அந்த மனுசனுக்கு என்ர கஞ்சியை அனுப்பி விடும்," என்றார். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்த உடனே எனக்குப் பயம் வந்தது, சிரித்ததற்காகவே ஏதாவது நடந்துவிடும் என்று.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கூப்பிட்டார். அமைதியான குரல். மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்து பேசினார். அவர் சொன்ன தெரு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கடை வாசலில் இப்போதுதான் நோட்டீஸைப் பார்த்தேன் என்றார். தன் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது என்றார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். சனிக்கிழமை காலையில் வீடியோவில் பார்த்த மாதிரியே டோஸ்ட்டில் தூவிக் கேட்டிருக்கிறான். அவர் பாக்கெட்டைத் திருப்பி வாசித்திருக்கிறார். இரண்டு தடவை. ஒரு வாய் கடித்ததும் உதடு எரிகிறது என்று குதித்திருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டு பால் கொடுத்திருக்கிறார்.

நான் நினைத்துப் பயந்த அதே பால்.

மகன் வாந்தி எடுத்ததும்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. தொடையில் குத்துகிற ஊசி எப்போதும் பையிலேயே இருந்ததால் குத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஒரு ராத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். எதில் வந்தது என்றுதான் இத்தனை நாளாகத் தெரியவில்லை, டோஸ்ட்டையும் வெண்ணெயையும் எல்லாம் வெளியே போட்டுவிட்டேன் என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. அவர் இடைமறித்தார். எப்படி நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றார். சொன்னேன். ஒரே சொல், அவர்களுக்கு ஒரு பருப்பு, எங்களுக்கு வேறு பருப்பு.

"நீங்கள் எல்லாரும் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

பிறகு சொன்னார்: "இப்போது எதைக் கொடுத்தாலும், வாயில் வைப்பதற்கு முன்னால் 'இது எரியுமா அம்மா' என்று கேட்கிறான். வெறும் சோற்றுக்குக்கூட."

நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. மறைத்தால் பின்னால் இன்னும் மோசமாகும் என்று பயந்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பதை முதலில் சொன்னேன், நடுவிலும் சொன்னேன், முடிவிலும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வயசாம்?" அதை நான் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு, "நான் சொன்ன சொல்லுத்தான் பிள்ளை, நான் சொன்ன சொல்லு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் ஒரே குற்றத்துக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது எனக்கு.

அதிகாரிகள் ஷெட்டுக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் கழுவி, மிஷினைப் பிரித்து, பரிசோதனைக்கு அனுப்பி, திரும்பத் தொடங்கலாம் என்று சொல்ல வெகுகாலம் ஆயிற்று. அலமாரி போய்விட்டது, வேறு யாருடைய சரக்கோ அதில் இருக்கிறது. திரும்பி வந்த பெட்டிகளை நாங்கள் நாலு பேரும் நின்று பார்க்க, அழிக்கிற இடத்துக்கு ஏற்றினோம். ஒவ்வொரு பெட்டியிலும் மனைவி நெருக்கி நெருக்கி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

டப்பா மூடியில் இனி என்ன எழுதுவது என்று ஒரு சண்டை வந்தது. கடலை என்று எழுதினால் எங்களுக்கு ஆகாது, கொண்டைக்கடலை என்றால் அண்ணனுக்கு வாய்க்குள் நுழையாது. "நீங்கள் வச்ச பேரைச் சொல்லவே ஒரு நாள் வேணும், பிறகு எப்ப வறுக்கிறது?" என்றார். கடைசியில் ஆங்கிலத்தில் எழுதி, அதன் பக்கத்தில் ஒரே ஒரு பருப்பை எடுத்து டேப்புக்கு அடியில் ஒட்டினோம். மனைவி இப்போது காலையில் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பருப்பை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். நானும்தான். கைகழுவும் தொட்டிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை தொடுகிறேன்.

கணக்கை அந்தச் சமையலறை மேசையிலேயே போட்டோம். இன்ஷூரன்ஸில் சரக்கு திரும்ப எடுக்கிற செலவு சேராது என்று எழுதி வந்துவிட்டது. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அண்ணன் வீட்டின் மார்ட்கேஜை இன்னும் பல வருடத்துக்கு நீட்டி எழுதினார்கள். அவர் மறுபடி பஸ் ஓட்டப் போக டாக்டரிடம் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூட்டச் சொன்ன தொகைகளை மனைவி கூட்டினாள்: கடைகளுக்குக் கட்டியது, லாரி, அழித்த சரக்கு, நோட்டீஸ், பரிசோதனை, சும்மா கிடந்த ஷெட்டின் வாடகை. எல்லாம் முடிந்த பிறகு அவள் தன் பர்ஸிலிருந்து ஒரு சின்ன பில்லை எடுத்தாள். இந்தியன் கடை பில். வறுத்த கடலை வாங்கியது. "அதை விடு பிள்ளை," என்றார் அக்கா. அவள் விடவில்லை, அதையும் கீழே எழுதிக் கூட்டினாள்.

ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்று முப்பத்தொரு டாலர்.